வாடாத மிளகாய்க் கன்றுகள்

தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கும் ஹாலிதாவுக்கு அருவருப்பு ஏற்படுத்தாத பொருட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிளாஸ்டிக் பூ, டின்மீன் வாசம், சந்தையில் தக்காளியைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள், கலியாண வீட்டில் கோப்பை நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு பாதியில் எழும்புகிறவர்கள் என்று எதைக் கண்டாலும் மூக்கைச் சுளித்துவிடுவாள். இத்தனைக்கும் மேலே அவளால் சகிக்கவே முடியாத ஒன்று உண்டென்றால் அது நோஞ்சான் கன்றுதான். வெளிறிப்போய், கழுத்து நீண்டு, காற்றுக்குச் சாய்கிற கன்று கண்ணில் பட்டதோ இல்லையோ, பிடுங்கி எருக்குழிக்குள் எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். "அதை எறியாமல் எனக்குத் தாங்கோ, நான் வளர்த்தெடுக்கிறன்" என்று யாராவது கெஞ்சினாலும் அசையமாட்டாள்.

"உங்கட தோட்டத்தில நிண்டாலும் அது ஹாலிதாட கண்டு எண்டுதான் சனம் சொல்லும். தரமாட்டன்" என்பாள்.

இந்தத் திமிர் சும்மா வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டில் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவளுக்குப் பதினான்கு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, விடியக்காலையில் லொறியில் ஏறிக் கற்பிட்டித் தோட்டங்களுக்கு மிளகாய் நாற்று நடப் போனாள். பிறருடைய மண்ணில் குனிந்து நின்றே இருபது வருடம் போயிற்று. அந்தக் குனிவில்தான் எந்த விதை முளைக்கும், எது முளைத்தும் உதவாது, மண்ணுக்கு எவ்வளவு உமிக்கரி கலக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழகியது. மாம்பழ வியாபாரி நாஸிமைக் கட்டிக்கொண்டு, சண்டை முடிந்து மூன்று வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது வாப்பாவின் வளவில் பற்றைதான் நின்றது. பற்றையை வெட்டி, நிழல் வலை கட்டி, நாற்றுமேடை போட்டாள்.

திரும்பி வந்தவர்களை ஊர் உடனே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. முதல் போகத்தில் அவளிடம் கன்று வாங்க வந்தவர்கள் நாலே பேர். அந்த நாலு பேரின் தோட்டத்தைப் பார்த்து அடுத்த போகத்தில் முப்பது பேர் வந்தார்கள். பிறகு முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்தார்கள். பன்னிரண்டு வருடமாக வாய்ப்பேச்சால் அல்ல, கன்றுகளால்தான் அவள் அந்த ஊரில் ஒரு மனிசியாக நிமிர்ந்து நின்றாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒரு கணமும் மறந்ததுமில்லை.

அந்தப் பக்கத்துச் சனத்துக்குக் கன்று வாங்குவதில் ஒரு பழக்கம் உண்டு. வெயில் பார்ப்பது என்பார்கள். வாங்க நினைக்கிற நாற்றுத் தட்டை நிழலிலிருந்து எடுத்து ரோட்டோரத்தில் உச்சி வெயிலில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்க்கும்போது இலை தொங்கியிருந்தால் அந்தத் தட்டு வேண்டாம். நிமிர்ந்து நின்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். சித்திரை பிறந்தால் கிணறு இறங்குகிற ஊரில் இதைவிட நல்ல பரீட்சை வேறென்ன இருக்கிறது? சில வியாபாரிகள் தட்டை வெயிலில் வைக்க விடமாட்டார்கள். ஹாலிதாவோ அதற்கென்றே ரோட்டோரத்தில் ஒரு வாங்குப் பலகை போட்டிருந்தாள்.

சென்ற மாசியில் நாஸிம் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டி நிறைய மண்ணோடு வந்து இறங்கினான். அவன் மாமரங்களைக் குத்தகைக்கு எடுப்பவன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஏரம்பு என்ற முதியவரின் வளவில் இருபத்திரண்டு கறுத்தக்கொழும்பான் மரங்களை மூன்று வருடத்துக்குப் பிடித்திருந்தான்.

"பார், என்ன மண்ணெண்டு. இலை உக்கின மண். வெறும் பெட்டியோட வரக்கூடாதெண்டு அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தனான்" என்றான்.

ஹாலிதா ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். கறுத்த, கையில் உதிர்கிற அருமையான மண். வழக்கமாக அவள் எடுக்கும் குளத்து மண்ணை அந்த வருடம் யாரோ செங்கல் சூளைக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அரித்து, சாணமும் உமிக்கரியும் கலந்து, தட்டுகளை நிரப்பி மிளகாய் விதை போட்டாள்.

முளைத்த கன்றுகளைப் பார்த்து அவளுக்கே பெருமை பிடிபடவில்லை. கட்டையாய், தண்டு தடித்து, இலை கரும்பச்சையாய் நின்றன. நோஞ்சான் என்று பிடுங்கி எறிய ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தபோதும் ஓர் இலை சோரவில்லை. விதை போட்டு ஐந்தாம் கிழமை வாங்குவதற்கு ஆட்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவள் முத்தையன்கட்டுக் கமலாசனி. வாய்க்காலின் கடைசி முனையில் காணி. குளத்துத் தண்ணீர் கோடைச் சிறுபோகத்தில் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. கணவன் வவுனியாவில் மேசன் வேலை. மாதத்துக்கு இரண்டு தரம் வருவான். ஒரு கிணறு, அதை நம்பிக் கால் ஏக்கர் மிளகாய், இவ்வளவுதான் அவளுடைய போகம். ஹாலிதாவிடம் முதல் வருடமே வந்த அந்த நாலு பேரில் ஒருத்தி.

"தங்கச்சி, நானும் வீட்டில கொஞ்சம் விதை போட்டனான். ஆனா உன்ர கண்டு மாதிரி வராது. வெயிலில வைச்சிட்டுப் போறன், என்ன?"

"வைச்சிட்டுப் போங்கோ அக்கா. ரெண்டு மணித்தியாலம் இல்லை, பின்னேரம் வரைக்கும் வைச்சிருங்கோ" என்றாள் ஹாலிதா. குரலில் கொஞ்சம் கர்வம் வழிந்தது உண்மை.

கமலாசனி சந்தைக்குப் போய், பஸ்ஸைத் தவறவிட்டு, மூன்றரை மணிக்குத்தான் வந்தாள். வாங்கு தொடமுடியாமல் சுட்டது. கன்றுகள் காலையில் நின்ற மாதிரியே நின்றன.

"ஐயோ, ஒரு இலை கூடத் தொங்கேல்லை! ஆறு தட்டுத் தா" என்றாள். ஓட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனாள்.

கதை பரவியது. வெயிலுக்கு வாடாத கண்டு என்று பத்துப் பேர் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு விவசாயப் போதனாசிரியர் தட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். இரண்டு தட்டு மட்டும் மிஞ்சின.

அந்த இரண்டு தட்டும் ஒரு மாதமாக அப்படியே இருந்தன. அப்படியே என்றால் உள்ளபடியே அப்படித்தான். ஒரு விரல் உயரம் கூடவில்லை. வேறு கன்றென்றால் தட்டில் நெருக்குப்பட்டுப் பழுத்திருக்கும். இவையோ பழுக்கவுமில்லை, வளரவுமில்லை. இலைக்கு மேல் இலையாகக் குவிந்து, ஒவ்வொரு இலையும் தோல் மாதிரித் தடித்திருந்தது. "வயசு போகாத கண்டுகள்" என்று நாஸிம் பகிடி பண்ணினான். ஹாலிதா சிரித்தாள். சிரித்துவிட்டு, தண்ணீர் ஊற்றும்போது அந்தத் தட்டுகளின் பக்கம் பார்க்காமல் ஊற்றினாள்.

வைகாசி நடுவில், இன்னும் கொஞ்சம் அந்த நல்ல மண் அள்ளலாம் என்று நாஸிமோடு ஏரம்புவின் வளவுக்குப் போனாள். அதற்கு முன் அவள் அங்கே போனதில்லை. படலையைத் திறக்கும்போதே ஈ இரைகிற சத்தம் கேட்டது.

மரங்கள் பூத்திருந்தன. வைகாசியில், பழம் இறக்க வேண்டிய மாதத்தில். மாம்பூ எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொத்து விரிந்து, தளர்ந்து, காற்றுக்கு ஆடும். இவை ஆடவில்லை. கொத்துக்கொத்தாக இறுக்கி மூடின கைமுட்டி மாதிரிக் கிளை நுனியில் குந்தியிருந்தன. பூவுக்குக் கீழே இலைகள் சின்னஞ்சிறியதாய், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குறண்டிக் கிடந்தன. ஒவ்வொரு முட்டியிலும் ஈ மொய்த்தது.

"பார் பிள்ளை, வைகாசியில பூ! உன்ர மனிசன் கெட்டிக்காரன்" என்றார் ஏரம்பு, ஏதோ தானே பூத்தவர் மாதிரி.

"ஐயா, இந்த மரத்தில புதுக் கொழுந்து எப்ப வந்தது?"

கிழவர் யோசித்தார். "இந்த வருசம்… காணேல்லை. ஏன் கேக்கிறாய்?"

அவள் மரத்தடியைப் பார்த்தாள். தண்டைச் சுற்றி வட்டமாக ஒரு சால் வெட்டி மண்ணால் மூடியிருந்தது. அந்த வட்டத்தை ஒட்டியே, நாஸிம் மாசியில் மண் அள்ளிய பள்ளம். ஈவிரக்கமில்லாத தெளிவோடு அவளுக்கு விளங்கியது. அந்தக் குறண்டல் இலையை அவள் ஒரு மாதமாகத் தன் வீட்டில் பார்க்காமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

திரும்பி வரும் வழியில், லான்ட்மாஸ்டர் சத்தத்துக்கு மேலால் கேட்டாள்.

"அந்த வட்டத்துக்குள்ள என்ன ஊத்தினீங்க?"

"பூ மருந்து. போன வருசமும் ஊத்தினன், இந்த மாசியிலயும் ஊத்தினன். மரத்தை வளர விடாது. வளரேலாத மரம் பூக்கும். அவ்வளவுதான்."

"நீங்க கொண்டுவந்த மண்?"

"போன வருசம் மருந்து ஊத்தின அந்த வட்டச் சாலைத் திருப்பி வெட்டேக்க வந்த மண்" என்றவன், அப்போதுதான் பிரேக் போட்டான்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"மருந்து வித்த போத்தில்காரன் மரத்துக்கு ஒரு மூடி எண்டவன். பெரிய மரமெல்லோ, நான் நாலு மூடி ஊத்தினன்."

சாப்பாட்டில் ஒரு நாளும் அளவு தவறாதவன், அடுத்தவனுடைய மரத்துக்கு நாலு மூடி ஊற்றியிருக்கிறான். மூன்று வருடக் குத்தகை முடிந்தால் அந்த மரம் செத்தால் என்ன, இருந்தால் என்ன? இவனோடு ஒரே பாயில் படுக்கிறேனே என்று ஹாலிதாவுக்குக் கூசியது.

"இப்ப ஏன் முகத்தைத் தூக்குறாய்? கண்டு ஒண்டும் சாகேல்லையே. அந்த மருந்து பட்டா இலை தடிக்கும், தண்ணியைக் குறைச்சுக் குடிக்கும், வெயிலுக்கு வாடாது. போத்தில்காரன் எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவன். உன்னட்ட வாங்கினதுகளும் அதுதானே கேட்டதுகள்?"

"வாடாம நிண்டு என்னத்துக்கு? காய்க்க வேணாமா?"

"கொஞ்ச நாளில மருந்து தெளியும், வளரும். நீ வாயைத் துறக்காம இரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது உன்ர பேர், என்ர பேர் எண்டு நிக்காது ஹாலிதா. திரும்பி வந்தவங்கள் மண்ணை நஞ்சாக்கிக் குடுத்தவங்கள் எண்டுதான் சொல்லுவாங்கள். பள்ளிவாசலடியில இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு விழும். யோசிச்சுக் கொள்."

அவன் பேச்சில் அதுதான் சரியான இடத்தில் தைத்த ஊசி. மற்றதெல்லாம் அவனுடைய சோம்பலும் பேராசையும். இது உண்மை.

வீட்டுக்கு வந்து, மிஞ்சிய இரண்டு தட்டையும் எடுத்துக் கிடங்கு வெட்டித் தாட்டாள். அரித்து வைத்திருந்த மண்ணையும் அதற்குள்ளேயே கொட்டி மூடினாள். கன்று கேட்டு வந்தவர்களிடம் முடிந்துவிட்டது என்றாள். ஏற்கெனவே கொண்டுபோனவர்களைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை.

நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் முதல் நாள் நினைத்தாள். அடுத்த நாள், ஒருவேளை நாஸிம் சொல்வது போலத் தெளிந்து வளர்ந்தாலும் வளரும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமையில் இந்தப் பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு மனிசியால் எத்தனை நாள் கடத்த முடியும் என்று பார்த்தால், நிறைய நாள் கடத்தலாம் போலிருந்தது. காலையில் கண்ணாடி பார்த்துத் தலை சீவும்போது தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாஸிமுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவனை வெறுப்பதில் ஒரு வசதி இருந்தது. அவனை வெறுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும், தானும் அவன் சொன்னபடிதான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்பதை எண்ண வேண்டியதில்லை.

ஒன்பது நாள் கழித்துத்தான் முத்தையன்கட்டுக்குப் பஸ் ஏறினாள். ஒன்பதாம் நாள் மட்டும் எங்கிருந்து துணிவு வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சகிக்க முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

கமலாசனி கிணற்றடியில் நின்றாள். கயிற்றில் புதிதாக ஒரு துண்டு முடிச்சுப் போட்டு இணைத்திருந்தது. பழைய நீளம் தண்ணீரைத் தொடவில்லை. அரை வாளிச் சேற்றுத் தண்ணீரை இழுத்து, பிளாஸ்டிக் கானில் விட்டு, ஒவ்வொரு கன்றாகக் குனிந்து ஊற்றிக்கொண்டு போனாள். கால் ஏக்கர் முழுக்க மிளகாய். எல்லாம் கரும்பச்சை. எல்லாம் ஒரு சாண்கூட இல்லை.

ஹாலிதாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா தங்கச்சி! பார், ஒண்டு சாகேல்லை. பக்கத்துக் காணியில எல்லாம் எரிஞ்சு போச்சு, என்ர மட்டும்தான் நிக்குது. வளர்த்திதான் கொஞ்சம் மட்டு. என்ர பசளையில பிழை போல. நேற்றும் கொஞ்சம் போட்டனான்."

தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறவளிடம் ஹாலிதா வேறொன்றைக் கேட்டாள்.

"நீங்க வீட்டில போட்ட கண்டுகள் எங்க அக்கா?"

"அதுகளையோ? வெயிலில வைச்சுப் பாத்தன், துவண்டு போச்சு. பிடுங்கி மாட்டுக்குப் போட்டன்."

ஹாலிதா வரிசைக்குள் இறங்கிக் குந்தினாள். ஒரு கன்றை அடியோடு பிடுங்கினாள். "ஏய்!" என்று கமலாசனி பாய்ந்து வந்தாள். வேரில் தட்டுக்குழியின் வடிவம் அச்சு வார்த்தது போல அப்படியே இருந்தது. நட்டு நாற்பது நாளாகியும் அந்தக் கறுத்த மண்ணைவிட்டு ஒரு வேர் வெளியே வரவில்லை.

"இதுக்குள்ள மருந்து இருக்கு அக்கா. மாமரத்துக்கு ஊத்திற மருந்து. வளர விடாது. பிழை உங்கட பசளையில இல்லை, என்ர மண்ணில. இவர் கொண்டுவந்தவர், நான் பாக்காமப் போட்டிட்டன். இது இப்பிடியே நிக்கும். காய்க்காது."

கமலாசனி நம்பவில்லை. தானே இன்னொன்றைப் பிடுங்கினாள். பிறகு நடுவரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று. நாலாவதைப் பிடுங்கியதும் வரப்பில் குந்திவிட்டாள்.

"புதுக் கண்டு நான் தாறன் அக்கா. முப்பத்தஞ்சு நாளில…"

"கண்டு தருவாய். தண்ணியை ஆர் தாறது?"

சத்தம் போடுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் ஹாலிதா வந்திருந்தாள். கமலாசனியோ எழுந்து, குனிந்து பிடுங்கத் தொடங்கினாள். ஹாலிதாவும் எதிர்ப் பக்கத்திலிருந்து பிடுங்கினாள். இரண்டு பெண்களும் வரிசை வரிசையாகப் பிடுங்கிக் குவித்தார்கள். அந்தத் தடித்த இலைகள் கையில் படும்போதெல்லாம் ஹாலிதாவுக்கு உடம்பு கூசியது. பிடுங்கிக் கிடந்தும் அவை வாடவில்லை. குவியலில் கிடந்து பச்சையாகவே பார்த்தன.

முடியும்போது வெயில் சாய்ந்திருந்தது. கமலாசனி கிணற்றில் வாளியை விட்டு, இரண்டு தரம் இழுத்து, கால் வாளித் தண்ணீர் சேர்த்தாள். கை கழுவ என்று அதை ஹாலிதாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ வந்து சொன்னது நல்லது தங்கச்சி. வேற ஆரெண்டாலும் சொல்லியிருக்கமாட்டினம். நீ சொல்லாட்டி ஆடி வரைக்கும் இதுக்குத்தான் தண்ணி அள்ளியிருப்பன்" என்றாள். குரல் உண்மையாகவே கனிந்திருந்தது. பிறகு, கணக்குப் பார்க்கிற யோசனையில்லாமல், சும்மா கேட்டாள். "உனக்கு எப்ப தெரிய வந்தது?"

நேற்று என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நேற்று என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதன் ருசி அவளுக்கு ஓங்காளித்தது.

"ஒன்பது நாளைக்கு முதல்" என்றாள்.

கமலாசனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள். கயிற்றில் புதிதாக முடிச்சுப் போட்ட துண்டைப் பார்த்தாள்.

"அந்தத் துண்டை, தண்ணி எட்டேல்லையெண்டு, நான் முந்தாநாள்தான் முடிஞ்சு கட்டினனான்" என்றாள்.

ஹாலிதாவின் மண் படிந்த கைகள் வாளிக்கு நேரே நீட்டியபடி இருந்தன. கமலாசனி வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனாள். அங்கே எட்டோ பத்தோ கத்தரி நின்றது. கையால் தடுத்து, ஒரு சொட்டும் சிதறாமல், ஒவ்வொன்றின் அடியிலும் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பஸ் வாற நேரம்" என்றாள்.

ஹாலிதா சீலையில் துடைக்க மனமில்லாமல், நகக்கண் வரை அப்பிய அந்த மண்ணோடேயே ரோட்டுக்கு வந்தாள். இன்னும் பத்துப் பேரிடம் போக வேண்டும். பத்துப் பேரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு நாள் பிந்தும்போதும் பதிலில் ஒரு நாள் கூடும். பஸ் வந்து நின்றபோது கைபிடிக் கம்பியைப் பிடிக்கப் போனவள், தன் கையைக் கண்டு அருவருத்துப் போய்ப் பின்வாங்கினாள்.

"ஏறுங்கோ அம்மா, ஏறுங்கோ" என்றான் கொண்டக்டர்.